வாடை இல்லை என்று சொன்னவர்

அமிர்தவள்ளிக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி இரண்டு பேர் கழிவுத்தொட்டிக்குள் இறங்கிச் செத்தார்கள். அவர்தான் சொன்னார் என்பது ஊருக்குத் தெரியாது. அதை ஊருக்குத் தெரியப்படுத்துவதா வேண்டாமா என்று ஒரு வருடம் யோசித்து, கடைசியில் சொன்னார். சொன்ன இடம்தான் விசித்திரமானது. தோல் தொட்டிகளில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு உதவ, பத்துக் கலைஞர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒரு தந்தி வாத்திய இசைத் தொகுப்பில் சொன்னார். பாட்டு, தாளம், ராகம் எதுவும் இல்லாத, கேட்டவர் பாதிப்பேர் காதைப் பொத்திக்கொள்கிற இசை அது.

அவருடைய மூக்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தோல் ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவருக்குப் பத்து வருடத்தில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அமிர்தவள்ளிக்கு மட்டும் மரக்கவில்லை. பச்சைத் தோல் லாரி வந்து நின்றால், தோல் தரம் பிரிக்கும் வாஹித் பாஷா ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுவார். உப்பு பத்தாமல் உள்ளே அழுக ஆரம்பித்த தோலை, முடி உதிர்ந்து கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே, முகர்ந்து பார்த்துத் தனியே இழுத்துப் போடுவார்.

"போலீஸ் நாய் வந்துடுச்சு, வழி விடுங்கப்பா" என்பார் பாஷா.

"நாய்க்காவது கறி போடுவாங்க பாய். எனக்கு டீயத் தவிர இன்னா போட்டீங்க?"

"டீல இஞ்சி போட்டேன்ல!"

அவருடைய உண்மையான வேலை டாக்ளிங் பிரிவில். ஈரத் தோலை ஓட்டை ஓட்டையாக இருக்கும் பெரிய இரும்புச் சட்டத்தில் விரித்து, சுற்றிலும் கவ்விகளை மாட்டி, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் காய வைப்பது. அதிகம் இழுத்தால் கிழியும். குறைவாக இழுத்தால் காய்ந்ததும் பரப்பளவு குறைந்து மேனேஜர் கத்துவார். எவ்வளவு இழுக்கலாம் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது, கை சொல்ல வேண்டும். அந்தப் பிரிவில் பதினாறு பெண்கள். எல்லோருடைய கட்டைவிரலும் ஒரே மாதிரி வளைந்திருக்கும்.

மூக்கு நல்ல மூக்கு என்று பேர் வந்தபிறகு இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால், தோல் கழுவிய தண்ணீர் எல்லாம் வந்து விழுகிற ஒரு நிலத்தடித் தொட்டி இருந்தது. நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை சேறு ஏறி மோட்டார் அடைத்துக்கொள்ளும். அப்போது ஆள் இறங்க வேண்டும். இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தெருக்காரர்கள். அந்தத் தெரு எங்கே இருந்தது என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமிர்தவள்ளியும் அதே தெருதான்.

இறங்கும் முன் மூடியைத் திறந்து வைப்பார்கள். உள்ளே விஷக்காற்று இருந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இறங்குகிறவர்களின் மூக்கு செத்துப்போன மூக்கு. ஆகவே சூப்ரவைசர் செந்தில்குமார் டாக்ளிங் பிரிவுக்கு வந்து கை தட்டுவான். "வள்ளிக்கா, ஒரு நிமிஷம் வந்து மோந்து பாத்துட்டுப் போ." அவர் போய்க் குனிந்து பார்த்து, "கீது" என்றால் காத்திருப்பார்கள். "இல்ல" என்றால் இறங்குவார்கள். எட்டு வருடம் இப்படித்தான் நடந்தது. எட்டு வருடமும் யாரும் சாகவில்லை. சாகாமல் போனது தற்செயல் என்று நினைக்க அங்கே யாரும் பழக்கப்படுத்தப்படவில்லை. அமிர்தவள்ளி மூக்கு கை விடாது என்றுதான் நினைத்தார்கள்.

தோலிலிருந்து முடியை உதிர்க்கப் போடுகிற சல்பைடு, அமிலம் கலந்த கழிவோடு சேர்ந்தால் ஒரு வாயு கிளம்பும். கொஞ்சம் இருந்தால் நாறும். அதிகமாக இருந்தால் முதலில் அது மூக்கு நரம்பைத்தான் மரக்கச் செய்யும். நாற்றம் நின்றுவிடும். வாயு நின்றிருக்காது. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு நேரம் ஆக ஆக வாடை குறைவது போலத் தோன்றும். இது ரகசியமான விஞ்ஞானம் அல்ல. ஒவ்வொரு சல்பைடு மூட்டையோடும் வருகிற பாதுகாப்புத் தாளில் அச்சடித்திருப்பது. அந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தொட்டிக்குள் இறங்கவில்லை. இறங்கியவர்களிடம் யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்ததும் அமிர்தவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கீது. ஜாஸ்தியா கீது."

"மத்தியானம் ஆடிட் வருது, அதுக்குள்ள தொட்டி முடியணும். இங்கயே உக்காந்து பாரு. வாடை போனதும் சொல்லு" என்றான் செந்தில்குமார்.

தொட்டி வாயோரம் அரை மணி நேரம் உட்கார்ந்தார். ராமமூர்த்தியும் பாண்டியனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்கள். ராமமூர்த்திக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். பாண்டியனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "இன்னாக்கா, மாப்பிள்ளை பாக்கற மாதிரி உள்ள பாத்துனே கீற?" என்றான் பாண்டியன். அமிர்தவள்ளிக்குக் கண் எரிந்தது, தலை கனத்தது. தோல் கம்பெனியில் எல்லோருக்கும் எப்போதும் கண் எரியும், அதனால் அதை அவர் சொல்லவில்லை. அவரிடம் கேட்டது மூக்கைப் பற்றி மட்டும்தான். வாடை மெல்லக் குறைந்தது. பிறகு சுத்தமாக இல்லை.

"வாடை இல்ல. போயிடுச்சு" என்றார்.

ராமமூர்த்தி இறங்கினார். மண்வெட்டியால் சேற்றைக் கிளறியதும் அப்படியே முகம் குப்புற விழுந்தார். அவரைத் தூக்கப் பாண்டியன் குதித்தான். இரண்டு பேரும் வெளியே வந்தது தீயணைப்பு வண்டி வந்தபிறகு. செந்தில்குமாரும் அமிர்தவள்ளியும் அதுவரை மேலே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. முதலாளி பூசாரியைக் கூப்பிட்டு, தொட்டி மூடியின் மேல் பூசணிக்காய் உடைத்தார். தொட்டியில் ஏதோ காத்து தங்கியிருக்கிறது என்று ஒருவன் கிளப்பிவிட, எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார்கள். ஒரு ஹஜ்ரத் வந்து ஓதினார். ஒரு பாஸ்டரும் வந்து ஜெபம் செய்தார். மூன்று மதமும் முறை தவறாமல் வந்து போயின. வாயுவை அளக்கிற, கைபேசி அளவுக்கு இருக்கிற ஒரு மீட்டர் மட்டும் வரவில்லை. தங்கியிருந்தது காத்துதான், அதில் தப்பில்லை. அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. அது எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படாது.

காற்றைச் சோதிக்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம். மேனேஜர் மீதும் செந்தில்குமார் மீதும் வழக்குப் போட்டார்கள். கம்பெனித் தரப்பு, இருவரும் தாங்களாகவே இறங்கினார்கள் என்றது. குடும்பங்களின் தரப்பு, எந்தச் சோதனையும் செய்யவில்லை என்றது. அமிர்தவள்ளி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை இரண்டு தரப்பும் சொல்லவில்லை. குடும்பங்களுக்கு அது தெரியாது, கம்பெனிக்கு அது அசிங்கம். மீட்டருக்குப் பதில் ஒரு பெண்ணின் மூக்கை வைத்திருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? செந்தில்குமார் ஜாமீனில் வந்து, எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டான். மற்ற இரண்டு சாட்சிகள் செத்துப்போயிருந்தார்கள். அமிர்தவள்ளி வாயைத் திறக்காமல் இருந்தால் சாகும்வரை யாருக்கும் தெரியாது.

இந்த நிலைமையில்தான் முபஷ்ஷிரா வந்தாள்.

முபஷ்ஷிரா ஆம்பூரில் பிறந்தவள். அப்பா தோல் ரசாயனக் கடை வைத்திருந்தார். வயலின் கற்றுக்கொண்டு, பெங்களூரில் ஒலிப்பதிவு வேலை பார்த்தாள். அவள் வாசிப்பது கச்சேரி வயலின் அல்ல. வில்லை எதன் மேல் தேய்த்தாலும் அதில் ஒரு சத்தம் உண்டு, அதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்கிற கட்சி. அவளைப் போல உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். இரண்டு சாவும் பத்திரிகையில் வந்தபோது, அவர்களில் பத்துப் பேருக்கு எழுதினாள். ஆளுக்கு ஒரு இசைத் தடம் தரச் சொன்னாள், தன்னுடையதோடு சேர்த்துப் பதினொன்று. இணையத்தில் விற்று வருவதைத் தொட்டியில் செத்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுப்பது. சென்னையில் ஒருவர் வீணையை மடியில் கவிழ்த்து அடித்தார். வெளிநாட்டில் ஒரு அம்மாள் செல்லோவின் நரம்புகளைத் தொங்கும்வரை தளர்த்தி வாசித்தார். எல்லோரும் சேர்ந்து ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். தந்திச் சத்தம் மட்டும். மனிதக் குரல் கூடாது.

தன் தடத்தை அவள் அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே பதிவு செய்ய நினைத்தாள். சாவுக்குப் பிறகு அதற்குச் சீல் வைத்திருந்தார்கள், வாட்ச்மேன் மட்டும் இருந்தார். தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கினாள். டாக்ளிங் சட்டத்தில் எஃகுக் கம்பிகளைக் கட்டி வில்லால் வாசிக்க வேண்டும், சட்டத்தைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்றாள். வாஹித் பாஷா அமிர்தவள்ளியை அழைத்துவந்தார்.

கம்பியைக் கவ்வியில் மாட்டி அவள் இழுத்த அழகைப் பார்த்து அமிர்தவள்ளி சிரித்துவிட்டார்.

"இன்னா பாப்பா, கோழி கழுத்தப் புடிக்கற மாதிரி புடிக்கற? இப்டி நவுரு."

அவர் கவ்வியை இரண்டு ஓட்டை தள்ளி மாட்டினார். கட்டைவிரலால் கம்பியை அழுத்திப் பார்த்தார். இன்னும் அரை ஓட்டை. முபஷ்ஷிரா வில்லை வைத்து இழுத்தாள். முழு இரும்புச் சட்டமும் முனகியது. தரை அதிர்ந்தது.

"யம்மா! பழைய பஸ் பிரேக் புடிக்கற மாதிரி கீது. இதுக்குக் காசு குடுப்பாங்களா?"

"குடுக்கறவங்க கம்மிதான் அக்கா."

"இதக் கேட்டா காசு குடுக்கலாம், நிறுத்தச் சொல்லி."

முபஷ்ஷிரா விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று நாள் அவர்கள் பதிவு செய்தார்கள். எந்தக் கம்பி எவ்வளவு இழுத்தால் எப்படி முனகும் என்பது இரண்டாம் நாளே அமிர்தவள்ளியின் கைக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள், "இந்த சல்பைடு எங்க அப்பா கடையிலிருந்து போனதுதான் அக்கா. அதான் இதச் செய்யறேன்" என்றாள் முபஷ்ஷிரா, கம்பியைத் துடைத்துக்கொண்டே.

அமிர்தவள்ளி கையிலிருந்த கவ்வியைக் கீழே வைத்தார். பிறகு, மூடியோரம் அரை மணி நேரம் உட்கார்ந்ததைச் சொன்னார். ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. முபஷ்ஷிரா தன் போனில் தேடி, அந்த வாயு மூக்கை எப்படி மரக்கச் செய்யும் என்பதைத் தமிழில் படித்துக் காட்டினாள். அமிர்தவள்ளி அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார்.

"அப்ப வாடை போனதுதான் அறிகுறியா?"

"ஆமா அக்கா."

"இது எத்தினி பேருக்குத் தெரியும்? இங்க பேரணாம்பட்டு வரைக்கும், வாணியம்பாடி வரைக்கும் எல்லாத் தொட்டியிலயும் இப்டித்தான எறங்கறானுங்க? வாடை போச்சுன்னு." பிறகு சொன்னார்: "உன் கேசட்ல நான் இதச் சொல்றேன். போடு."

சொல்வதற்குக் குறுக்கே மூன்று சுவர்கள் நின்றன. முதல் சுவர் அந்த விதி. முபஷ்ஷிரா பத்துப் பேருக்கும் எழுதினாள். ஏழு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதில் போடவில்லை. வெளிநாட்டு அம்மாள், இது இசைத் தொகுப்பா சாட்சிக் கூண்டா என்று கேட்டு விலகிக்கொண்டார். கலையின் தூய்மையைப் பற்றி அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். முபஷ்ஷிரா அதற்கு ஒரே வரியில் பதில் எழுதினாள்: தொட்டிக்குள் கிடப்பவனுக்கு உங்கள் செல்லோ கேட்காது.

இரண்டாவது, வக்கீல் ஹேமலதா. குடும்பங்களுக்காக வழக்கைக் கவனித்தவர். காசு வாங்காமல் அலைந்தவர். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் இருந்த அவருடைய ஆபீசில் அமிர்தவள்ளியை உட்கார வைத்து, பொறுமையாகத்தான் ஆரம்பித்தார்.

"அம்மா, சோதனையே பண்ணலன்னுதான் நம்ம கேஸ். நீங்க போய் 'நான் பாத்தேன், இல்லன்னு சொன்னேன்'னு உலகத்துக்கே சொன்னா, அவன் வக்கீல் இன்னா பண்ணுவான்? பழிய உங்க தலைல கட்டிட்டு மேனேஜர வெளிய கூட்டினு போய்டுவான்."

"நான் மோந்தது சோதனை இல்லைன்னு நீங்க சொல்லுங்க மேடம்."

"நான் சொல்லுவேன். கேக்கணுமே! கேஸ் முடியட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் சொல்லுங்க."

"எப்ப முடியும்?"

ஹேமலதா மேசையில் இருந்த கட்டுகளைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "அஞ்சு வருஷம். ஆறும் ஆகலாம்."

"அதுக்குள்ள எத்தினி பேரு எறங்குவாங்க?"

நியாயமான மனிதர்கள் இருவர், நியாயமான காரணங்களோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேனேஜர் அப்போது வேறொரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

மூன்றாவது சம்பூர்ணம். ராமமூர்த்தியின் மனைவி. அமிர்தவள்ளி வீட்டிலிருந்து ஏழாவது வீடு. சாவு விழுந்த நாளிலிருந்து சம்பூர்ணத்துக்குச் சோறு கொண்டுபோனதும், பெண் பிள்ளைகளுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியதும் அமிர்தவள்ளிதான். அந்தப் பதிவைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி அவரை விட முடியாது.

போனபோது சம்பூர்ணம் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அமிர்தவள்ளி நின்றபடியே சொன்னார். எதையும் குறைக்கவில்லை. பீடி சுற்றுகிற விரல் நின்றுவிட்டது.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"வாடை இல்லன்னு?"

"ஆமா."

"அவரு கேட்டாரா, சூப்ரவைசர் கேட்டானா?"

"சூப்ரவைசர்தான் உக்கார வச்சான். ஆனா உன் வீட்டுக்காரரு என் மூஞ்சியத்தான் பாத்துனு நின்னாரு."

"ஒரு தடவ மோந்து பாக்க இன்னா குடுப்பானுங்க உனக்கு?"

"டீ."

சம்பூர்ணம் அந்த வார்த்தையையே பார்ப்பவர் போல வெறும் தரையைப் பார்த்தார். "டீ" என்று தானும் ஒருமுறை சொன்னார். முறத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு வருசமா என் வீட்டு வாசல்ல வந்து என் புள்ளைங்களுக்குத் தலை பின்னுன. அப்பல்லாம் வாய்ல இன்னா இருந்துச்சு?"

சம்பூர்ணம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மரத்துப் போகும்னு உனக்குத் தெரியாது. சரி. ஒத்துக்கறேன். எனக்கும்தான் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனா எங்கிட்ட சொல்லாம இருந்தது தெரிஞ்சுதான இருந்த?"

"ஆமா சம்பூர்ணம்."

"போய்ச் சொல்லு. ரேடியோல சொல்லு, டீவில சொல்லு, எங்க வேணா சொல்லு. இன்னும் நாலு பொம்பள என்ன மாதிரி ஒக்கார வேணாம். அதுல வர்ற காசையும் நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், எனக்கு ரெண்டு பொண்ணு." முறத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "நாளையிலருந்து நீ இந்த வாசப்படி மிதிக்காத. புள்ளைங்களுக்கு நானே பின்னிக்கறேன்."

அவ்வளவுதான். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அமிர்தவள்ளி ஏழு வீடு நடந்து வந்தார்.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலூரில் ஒரு சின்ன ஹாலில். தொகுப்புக்கு முபஷ்ஷிரா வைத்த பெயர் 'இறங்காதே'. குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை, தலைமை விருந்தினர் இல்லை. நாற்பது நாற்காலி. பாதியில் காட்பாடியிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள், மீதியில் வாஹித் பாஷா கூட்டிவந்த தோல் தொழிலாளிகள். தொழிலாளிகள் முதல் இரண்டு தடங்களுக்குச் சங்கடத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவதில் ஒருவர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

ஏழாவதாக முபஷ்ஷிராவின் தடம் தொடங்கியதும் தொழிலாளிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரும்புச் சட்டத்தின் முனகல் அவர்களுக்குத் தெரியும், தினமும் எட்டு மணி நேரம் கேட்பது. நாலு நிமிடம் அது ஏறிக்கொண்டே போனது. பிறகு சட்டென்று நின்றது. ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு அமிர்தவள்ளியின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல:

"என் பேரு அமிர்தவள்ளி. தொட்டிகிட்ட அரை மணி நேரம் உக்காந்து மோந்து பாத்தேன். வாடை இல்லன்னு சொன்னேன். ராமமூர்த்தியும் பாண்டியனும் எறங்குனாங்க, செத்துட்டாங்க. வாடை போகல, என் மூக்குதான் போச்சு. அந்தக் காத்து மொதல்ல மூக்கத்தான் சாவடிக்கும். யாரு மோந்து பாத்துச் சொன்னாலும் நம்பாதீங்க. மீட்டர் கேளுங்க. மீட்டர் இல்லன்னா எறங்காதீங்க."

அதன்பின் கம்பி ஒலிக்கவில்லை. முபஷ்ஷிரா அங்கே வேண்டுமென்றே எதையும் வாசிக்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்ப நாத்தம் அடிச்சாதான் எறங்கணுமா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். பதினெட்டு வருடம் தொட்டி வேலை செய்தவர்.

"அடிச்சாலும் எறங்காத, அடிக்கலன்னாலும் எறங்காத" என்றார் அமிர்தவள்ளி, தன் நாற்காலியிலிருந்து எழாமல். "மெஷின் வச்சு அளந்து காமிக்கச் சொல்லு."

தொகுப்பு அதிகம் விற்கவில்லை. அந்த ஒரு நிமிடக் குரலை மட்டும் யாரோ வெட்டி எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். பச்சைத் தோல் லாரி ஓட்டுபவர்கள், பீடி சுற்றும் பெண்கள், ஷூ கம்பெனி பஸ்சில் போகிறவர்கள் எல்லோரிடமும் அது போனது. இசை இல்லாமல் போனது. முபஷ்ஷிரா அதற்கு வருத்தப்படவில்லை.

ஹேமலதா பயந்ததும் நடந்தது. ஏழு மாதம் கழித்து வந்த விசாரணையில் கம்பெனி வக்கீல் அந்தத் தடத்தைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார். தாங்களாகவே இறங்கினார்கள் என்ற பழைய கதையை ஒரே நாளில் கைவிட்டுவிட்டார்கள். புதுக் கதை இன்னும் வசதியாக இருந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற அமிர்தவள்ளியைக் கம்பெனி வக்கீல் கேட்டார்.

"இந்தக் குரல் உங்களோடதா?"

"ஆமா."

"வாடை இல்லன்னு சொன்னது நீங்களா?"

"ஆமா."

"நீங்க சொன்னத நம்பித்தான் அவங்க எறங்கினாங்க?"

"ஆமா. என்ன யாரு அங்க உக்கார வச்சாங்கன்னு கேளுங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்."

"கேக்காததுலதான் சார் விஷயமே கீது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அதட்டினார். பிறகு அரசு வக்கீல் எழுந்து, யார் உட்கார வைத்தது, மீட்டர் இருந்ததா என்று கேட்டு, பதிலைப் பதிவு செய்ய வைத்தார். அதுவும் நடந்தது. ஆனால் மறுநாள் பேப்பரில் வந்த தலைப்பு, 'பெண் தொழிலாளி சொன்னதால் இறங்கினர்' என்பதுதான். சூப்ரவைசர் பெயர் உள்ளே நாலாவது பத்தியில் இருந்தது. மேனேஜர் பெயர் இல்லவே இல்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. சம்பூர்ணம் எல்லா வாய்தாவுக்கும் வருகிறார். வேறு பெஞ்சில் உட்காருகிறார்.

அமிர்தவள்ளிக்கு எந்தத் தோல் கம்பெனியும் வேலை தரவில்லை. "உங்க மூக்கு வேண்டாம்மா, உங்க வாயும் வேண்டாம்" என்று ஒரு மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறார்.

சென்ற மாதம் அவரைத் தேடி நவீத் என்றொருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பேரணாம்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தொட்டி வேலை. அவரும் இன்னும் நாலு பேரும், அந்தக் குரலைக் கேட்டபின், மீட்டர் கொண்டுவந்தால்தான் இறங்குவோம் என்று நின்றுவிட்டார்கள். மீட்டர் வரவில்லை. ஐந்து பேரையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு ஐந்து பேர் இறங்கினார்கள். அன்றைக்கு யாரும் சாகவில்லை. அதனால் எல்லோரும் இந்த ஐவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உங்க பேச்சக் கேட்டு வேல போச்சு அக்கா" என்றார் நவீத். சண்டைக்கு வந்தவர் போல நின்றார். ஆனால் குரலில் சண்டை இல்லை.

"உசுரோட கீறல்ல?"

"கீறேன். அத வச்சினு இன்னா பண்றது? வீட்ல அரிசி வேணுமே."

அமிர்தவள்ளி மண்டபத்துப் பின்கட்டில் அவருக்கு இலை போட்டார். மத்தியானக் கல்யாணத்தில் மிஞ்சிய சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. நவீத் தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்தபடி சொன்னார்:

"பொய் சொல்ல மாட்டேன் அக்கா. அடுத்த வாரம் மறுபடி கூப்டா எறங்கிடுவேன்னு நெனைக்கிறேன். புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்."

"எந்தக் கம்பெனி?"

சொன்னார்.

"கூப்டா எறங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு. பஸ்சு புடிச்சு வந்துர்றேன்."

"நீங்க வந்து இன்னா பண்ணுவீங்க? மோந்து பாப்பீங்களா?" நவீத் சிரித்தார்.

"மூடி மேல உக்காந்துப்பேன். என்னத் தூக்கிட்டுத்தான எறங்கணும். நான் எழுவது கிலோ."

நவீத் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, "நம்பர் சொல்லு" என்றார்.